கறுப்புக் காயும் வெல்லும்

பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஊர் கஞ்சிக்கோடு. வாளையாருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகள் நிறைய. தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். ஷிப்டு முடிந்த பிறகு அவர்களில் இருவர் சதுரங்கம் ஆட உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செஸ் என்று சொல்வதும் இந்த ஆட்டத்தைத்தான்.

ஒருவர் ஒரு கையில் வெள்ளைச் சிப்பாயையும் மறு கையில் கறுப்புச் சிப்பாயையும் மறைத்துப் பிடிக்கிறார். மற்றவர் ஒரு கையைத் தொடுகிறார். கை விரிகிறது. உள்ளே இருப்பது கறுப்புச் சிப்பாய். தொட்டவர் முகம் வாடிவிடுகிறது.

ஏன் வாட வேண்டும்? வெள்ளைக்குத்தான் முதல் நகர்த்தல். "அவன் அடிப்பான், நான் தாங்க வேண்டும். இன்று தோல்விதான்" என்று அவர் நினைக்கிறார். புதிதாக ஆடும் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. பாதித் தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆட்டத்துக்குள் போகும் முன் பெயர்களைச் சரி செய்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் யானை என்றால் மூலையில் நிற்கும் காய். அது நேராகப் போகும். அதை மலையாளத்தில் தேர் என்பார்கள். மலையாளத்தில் ஆன, அதாவது யானை என்றால், குறுக்காகப் போகும் காய். அதைத்தான் தமிழில் மந்திரி என்கிறோம். மலையாளத்தில் மந்திரி என்றாலோ அது ராணி! எல்லைப் பக்க ஊர்களில் இதனால் குழப்பம் வரலாம். இங்கே ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்ற தமிழ்ப் பெயர்களே வரும்.

இன்னொன்று. பழைய நாட்டு முறையில் சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான் போகும். உலகம் முழுவதும் இன்று ஆடும் முறையில் சிப்பாய் தன் முதல் நகர்த்தலில் 2 கட்டம் போகலாம். இங்கே சொல்வது உலக முறை.

முதல் நகர்த்தலின் மதிப்பு என்ன?

வெள்ளைக்குக் கொஞ்சம் லாபம் இருப்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. வெற்றிக்கு 1 புள்ளி, சமத்துக்கு அரைப் புள்ளி என்று கணக்குப் போடுகிறார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர்களின் ஆட்டங்களை எடுத்துக் கூட்டினால், 100 புள்ளியில் வெள்ளைக்கு 54 அல்லது 55 கிடைக்கிறது. கறுப்புக்கு 45 அல்லது 46. வித்தியாசம் இவ்வளவுதான்.

அதுவும் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத்தான். புதிதாக ஆடுபவர்கள் ஒரே ஆட்டத்தில் இருபுறமும் நாலைந்து காய்களைச் சும்மா விட்டுக்கொடுப்பார்கள். அங்கே முதல் நகர்த்தல் எதையும் தீர்மானிப்பதில்லை. கடைசியாகத் தவறு செய்தவர் தோற்கிறார்.

சதுரங்கத்தில் மிகக் குறைந்த நகர்த்தலில் முடியும் ஆட்டம் எது தெரியுமா? அது கறுப்பு வெல்லும் ஆட்டம். வெள்ளை 2 முறை நகர்த்தும். கறுப்பு 2 முறை நகர்த்தும். செக்மேட்!

எப்படி? ராஜா பக்க மந்திரிக்கு முன்னால் உள்ள சிப்பாயை வெள்ளை 1 கட்டம் தள்ளுகிறது. கறுப்பு தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளி ராணிக்கு வழி திறக்கிறது. அடுத்து வெள்ளை, ராஜா பக்கக் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை 2 கட்டம் தள்ளுகிறது. வெள்ளை ராஜாவின் பக்கவாட்டுக் கதவு முழுதாகத் திறந்துவிட்டது. கறுப்பு ராணி குறுக்காக ஓடி வந்து பலகையின் ஓரத்தில் நிற்கிறது. செக்! ராஜா ஓட இடம் இல்லை. நடுவில் நிறுத்தக் காயும் இல்லை. இப்படி ஆடும் எதிராளி அபூர்வம்தான். ஆனால் முதலில் நகர்த்துவது மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பது இதில் தெரிகிறது.

ராணி பாய்ந்து வரும்போது

கறுப்பில் ஆடுபவர் முதலில் கற்க வேண்டியது ஒரு சிப்பாயைப் பற்றி. அது ராஜா பக்க மந்திரிக்கு முன்னால் நிற்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் அதற்கு ராஜா ஒருவர்தான் காவல். வேறு எந்தக் காயும் காக்கவில்லை. அவசரக்கார எதிராளி அந்த இடத்தைத்தான் குறி வைப்பார்.

பலகையும் காயும் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம்.

வெள்ளை தன் ராஜாவின் முன் சிப்பாயை 2 கட்டம் தள்ளுகிறது. கறுப்பும் அப்படியே தள்ளுகிறது. இப்போது வெள்ளை ராணி குறுக்காகப் பாய்ந்து பலகையின் ஓரத்துக்கு வருகிறது. பார்க்கப் பயமாக இருக்கும். அங்கிருந்து அது இரண்டு இடங்களைப் பார்க்கிறது. நேர்ப் பக்கமாகப் பார்த்தால் கறுப்பின் நடுச் சிப்பாய். குறுக்காகப் பார்த்தால் காவல் குறைந்த அந்தச் சிப்பாய்.

பலர் உடனே என்ன செய்கிறார்கள்? ராணியை விரட்ட, ராஜா பக்கக் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை 1 கட்டம் தள்ளுகிறார்கள். அது தவறு. வெள்ளை ராணி நடுச் சிப்பாயை வெட்டிச் செக் சொல்லும். அதே இடத்திலிருந்து குறுக்காக மூலையில் உள்ள யானையையும் பார்க்கும். சிப்பாயைத் தள்ளியதால் அந்த வழி திறந்து கிடக்கிறது. செக்கைத் தடுத்து முடிப்பதற்குள் யானை போய்விடும்.

சரியான பதில் நிதானமானது. முதலில் ராணி பக்கக் குதிரையை வெளியே கொண்டுவர வேண்டும். அது நடுச் சிப்பாய்க்குக் காவல். அடுத்து வெள்ளை தன் மந்திரியைக் கொண்டுவந்து, காவல் குறைந்த சிப்பாயைக் குறி வைக்கும். ராணியும் மந்திரியும் சேர்ந்து பார்க்கும்போது அடுத்த நகர்த்தலில் செக்மேட் ஆகும். இப்போதுதான் அந்தக் குதிரைச் சிப்பாயை 1 கட்டம் தள்ள வேண்டும். ராணியின் வழியும் அடைபடும். ராணியும் நகர்ந்தாக வேண்டும். ராணி வேறு பக்கமாக வந்து அதே சிப்பாயை மறுபடி குறி வைக்கலாம். அப்போது ராஜா பக்கக் குதிரையை வெளியே எடுத்து நடுவில் நிறுத்தினால் போதும்.

இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளை ராணி 2 முறை நகர்ந்துவிட்டது. பெற்றது ஒன்றும் இல்லை. கறுப்புக்கு 2 குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. முதலில் நகர்த்தியவர் பின்தங்கிவிட்டார். அதே நகர்த்தல்கள்தான். முன்பின் மாறினால் யானை போகிறது. வரிசை சரியாக இருந்தால் கறுப்புக்கு லாபம்.

பார்த்து எழுதினால் ஆகாது

வேறொரு பழக்கமும் உண்டு. கறுப்பில் ஆடுபவர் எதிராளி செய்வதையே திருப்பிச் செய்வார். அவர் சிப்பாய் தள்ளினால் இவரும் சிப்பாய். அவர் குதிரை எடுத்தால் இவரும் குதிரை. கண்ணாடி போல ஆடினால் பாதுகாப்பு என்று நினைப்பு.

வெள்ளை ராஜாவின் சிப்பாய் 2 கட்டம் வருகிறது. கறுப்பும் அப்படியே. வெள்ளையின் ராஜா பக்கக் குதிரை வெளியே வந்து கறுப்புச் சிப்பாயைப் பார்க்கிறது. கறுப்புக் குதிரையும் வந்து வெள்ளைச் சிப்பாயைப் பார்க்கிறது. வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புக் குதிரையும் உடனே வெட்டுகிறது. இங்கேதான் பிழை. வெள்ளை ராணி தன் ராஜாவுக்கு முன்னால் வந்து நின்று கறுப்புக் குதிரையைக் குறி வைக்கும். குதிரை தப்பி ஓடினால், நடுவில் நிற்பது வெள்ளைக் குதிரை மட்டும். அது துள்ளி விலகியவுடன் ராணியின் செக் நேராகக் கறுப்பு ராஜா மேல் விழும். துள்ளிய குதிரையோ கறுப்பு ராணியைக் குறி வைத்து நிற்கும். செக்கைக் கவனித்தால் ராணி போய்விடும்.

குதிரையால் உடனே வெட்டாமல், ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை 1 கட்டம் தள்ளி வெள்ளைக் குதிரையை முதலில் விரட்ட வேண்டும். அது பின்வாங்கிய பிறகு நம் குதிரை வெட்டலாம். கணக்குச் சமம்.

ஒரு நகர்த்தல் பின்னால் இருப்பவர் பார்த்து எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் "இப்போது இவர் எதைக் குறி வைக்கிறார்?" என்று கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும்.

வீட்டைக் கட்டிவிட்டு வெளியே போவது

எல்லா ஆட்டத்துக்கும் தனித்தனிப் பாடம் மனப்பாடம் செய்ய முடியாது. தேவையும் இல்லை. வெள்ளை ராஜாவின் சிப்பாயைத் தள்ளினால் ஒரு பதில். ராணியின் சிப்பாயைத் தள்ளினால் ஒரு பதில். இரண்டு பதில் தெரிந்தால் நெடுநாள் ஆடலாம்.

முதல் பதில் மேலே வந்துவிட்டது: ராஜாவின் சிப்பாய்க்கு ராஜாவின் சிப்பாய். பிறகு குதிரைகள், மந்திரி, கோட்டை.

கோட்டை கட்டுவது என்றால் ராஜா யானைப் பக்கமாக 2 கட்டம் நகர்வது; யானை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் நிற்பது. இரண்டும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. நடுவில் காய் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போதும், செக் உள்ள கட்டத்தைத் தாண்டியும் கட்ட முடியாது. செக்கில் போய் நிற்கவும் கூடாது.

இரண்டாவது பதில்: ராணியின் சிப்பாய்க்கு ராணியின் சிப்பாய் 2 கட்டம். அதற்குத் தாங்கலாக ராஜாவின் சிப்பாய் 1 கட்டம். பிறகு ராஜா பக்கக் குதிரை வெளியே. மந்திரி 1 கட்டம். அடுத்து கோட்டை. ராஜா பத்திரமாக உள்ளே போய்விடுவார்.

இதில் ஒரு குறை உண்டு. ராணி பக்க மந்திரிக்கு வழி அடைந்துபோகும். ராஜாவின் சிப்பாய் அதன் முன்னால் நிற்கிறது. பல ஆட்டங்களில் அந்த மந்திரி கடைசிவரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். அதை மறக்காமல், ராணி பக்கக் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை 1 கட்டம் தள்ளி, அந்த ஓட்டையில் மந்திரியை வைக்க வேண்டும். அங்கிருந்து அது பலகையின் மறு மூலை வரை பார்க்கும்.

இடம் குறைவாக இருக்கும்போது காய்க்குக் காய் வெட்டி மாற்றிக்கொள்வதும் கறுப்புக்கு நல்லது. சின்ன வீட்டில் கல்யாணக் கூட்டம் நிறைந்திருந்தால் யாரும் அசைய முடியாது. நாலு பேர் கிளம்பினால் மூச்சு விடலாம்.

சோபியாவில் ஆனந்த்

இந்த இரண்டாவது பதிலை உலகப் பட்டத்துக்கான ஆட்டத்திலேயே ஆடியவர் விசுவநாதன் ஆனந்த். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

2010இல் பல்கேரியா நாட்டின் சோபியா நகரில் உலகப் பட்டப் போட்டி. எதிராளி அந்த நாட்டுக்காரரான வெசலின் டோபலோவ். அப்போது ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் பரவி, ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுவிட்டன. ஆனந்த் ஜெர்மனியிலிருந்து சுமார் 40 மணி நேரம் தரைவழியாகப் பயணம் செய்து சோபியா போய்ச் சேர்ந்தார். போட்டியை 3 நாள் தள்ளி வைக்கக் கேட்டார். 1 நாள்தான் தள்ளினார்கள்.

மொத்தம் 12 ஆட்டம். 11 முடிந்தபோது இருவருக்கும் ஐந்தரைப் புள்ளி. கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. எதிராளிக்குச் சொந்த நாடு, வெள்ளைக் காய். மே 11ஆம் தேதி ஆட்டம் நடந்தது.

ஆனந்த் புதுமை எதையும் காட்டவில்லை. ராணியின் சிப்பாய், தாங்கலுக்கு ராஜாவின் சிப்பாய், குதிரை, மந்திரி. 6ஆவது நகர்த்தலில் கோட்டை கட்டிவிட்டார். உடனே காய்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். நூறு ஆண்டுக்கு முந்தைய உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் பெயரால் வழங்கும் பழைய முறை அது. திண்ணையில் இருந்த ராணி பக்க மந்திரியையும் சமயம் பார்த்து மூலைவாட்டில் நிறுத்தினார்.

டோபலோவுக்குச் சமம் செய்ய மனமில்லை. சமமானால் அடுத்து வேக ஆட்டம். அதில் ஆனந்த் வல்லவர். அதனால் வெல்லவே பார்த்தார். 30 நகர்த்தல் ஆன சமயத்தில் ஆனந்த் சிப்பாய்களை முன்னே தள்ளினார். டோபலோவ் ஒன்றை வெட்டினார். இன்னொன்றையும் வெட்டினார். இரண்டாவதாக வெட்டப் போன சிப்பாய், அவருடைய ராஜாவுக்கு மறைவாக நின்ற சிப்பாய். அது விலகியதும் கறுப்பு ராணி நடுவில் வந்து செக் சொன்னது. வெள்ளை ராஜா வெட்டவெளியில் ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் வெள்ளை ராணியை வெட்டியது எது? நெடுநேரம் வழியில்லாமல் கிடந்த அதே மந்திரி! ஆனந்த் ஆறரை, டோபலோவ் ஐந்தரை. பட்டம் ஆனந்திடமே இருந்தது.

ஆனந்துக்கு இது புதிதல்ல. 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்கோடு ஆடியபோது 3ஆவது ஆட்டத்தையும் 5ஆவது ஆட்டத்தையும் கறுப்பில் ஆடி வென்றார்.

சிங்கப்பூரில் குகேஷ்

14 ஆண்டுக்குப் பின் அதே கதை மறுபடி நடந்தது. 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டி. சென்னையில் பிறந்த குகேஷ் ஒரு பக்கம். அவருக்கு வயது 18. சீனாவின் டிங் லிரென் மறு பக்கம். அவர்தான் அப்போதைய சாம்பியன்.

முதல் ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளை. அதில் அவர் தோற்றார்! வெள்ளை கிடைத்தால் வெற்றி நிச்சயம் என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். 13 ஆட்டம் முடிந்தபோது இருவருக்கும் ஆறரைப் புள்ளி. டிசம்பர் 12ஆம் தேதி 14ஆவது ஆட்டம். குகேஷுக்குக் கறுப்பு.

பல மணி நேரம் ஆடினார்கள். பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டன. இருவரிடமும் ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி மிச்சம். குகேஷிடம் 3 சிப்பாய். டிங்கிடம் 2. ஒரு சிப்பாய் அதிகம்தான். ஆனால் எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கத்தில் நின்றன. வெள்ளை கவனமாக இருந்தால் சமம். பார்த்தவர்கள் எல்லோரும் சமம் என்றே நினைத்தார்கள்.

கறுப்பில் ஆடுபவர் பொதுவாக இங்கே "சமம் கிடைத்தால் போதும்" என்று கை கொடுத்துவிடுவார். குகேஷ் கொடுக்கவில்லை. ஆபத்து இல்லாத நகர்த்தல்களாகவே செய்துகொண்டு போனார். ஒவ்வொன்றுக்கும் டிங் சரியான பதில் தேட வேண்டியிருந்தது.

55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைக் கறுப்பு யானைக்கு எதிரே வைத்தார். யானைக்கு யானை மாற்றிக்கொண்டால் வேலை குறையும் என்று எண்ணினார். ஆனால் அவருடைய மந்திரி தூரத்து மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை அதே மூலைவாட்டில் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார். மூலையில் இருந்த மந்திரிக்கு விலகிப் போக வழியில்லை. அதுவும் மாறிப்போனால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான். அங்கே ஒரு சிப்பாய் அதிகம் என்பது முழு வெற்றி. சில நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் உலகின் மிக இளைய சாம்பியன் ஆனார். கண்ணீர் வடிய வடிய, பலகையில் காய்களை மறுபடி அவற்றின் இடத்தில் அடுக்கி வைத்தார்.

பழகும் விதம்

விளையாட ஆள் வேண்டும். பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்று ஒரு ஊர் உண்டு. ஒரு காலத்தில் அங்கே குடியும் சூதாட்டமும் மிகுந்திருந்தன. உண்ணிகிருஷ்ணன் என்ற சாயாக்கடைக்காரர் சதுரங்கம் கற்று, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஊரே ஆடத் தொடங்கியது. இன்று அதைச் சதுரங்க ஊர் என்றே அழைக்கிறார்கள். அப்படி ஒரு கடைத் திண்ணை போதும்.

ஆடும்போது ஒரே நாளில் 2 ஆட்டம் ஆடி நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். கறுப்பை வேண்டாம் என்று தள்ளுபவருக்கு அது என்றும் பழகாது.

ஆட்டத்தை எழுதி வைப்பது அதைவிட முக்கியம். பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரும் தம் ஆட்டத்தை எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. அதற்கு அதிகம் எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பலகையின் நீளக் கோடுகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று 8 எழுத்து. குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். வெள்ளையின் முதல் வரிசை 1. கறுப்பின் முதல் வரிசை 8. எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும்.

தோற்ற ஆட்டத்தை மறுநாள் எடுத்துப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் காய் எங்கே போயிற்று? அதற்கு முன் கோட்டை கட்டியாயிற்றா? ராணி பக்க மந்திரி எத்தனையாவது நகர்த்தலில் வெளியே வந்தது? பத்து ஆட்டம் இப்படிப் பார்த்தால், ஒரே இடத்தில் அடி விழுந்திருப்பது தெரியவரும். புதியவர் பலருக்கு அந்த இடம் எஃப் 7. ராஜா பக்க மந்திரிக்கு முன்னால் நிற்கும் அதே சிப்பாய்.